‘மவுண்ட்’ – ஒரு சொல், பல பொருள்

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழுக்கு மட்டும் உரிய சிறப்பன்று. ‘திங்கள்’ என்றால் நிலவும் உண்டு, மாதமும் உண்டு, வாரத்தில் ஒரு கிழமையும் உண்டு. ‘படி’ என்றால் ஏறும் படியும் உண்டு, அரிசி அளக்கும் படியும் உண்டு, வீட்டில் பெரியவர்கள் ஓயாமல் சொல்லும் ‘படி’யும் உண்டு. ஆங்கிலத்திலும் அவ்வாறே. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் பல பொருள்களையும் நாம் பேச்சு வழக்கிலேயே கற்றுக்கொண்டு விடுகிறோம். ஆங்கிலச் சொல்லுக்கோ, முதன்முதலில் கற்ற ஒரு பொருளையே இறுகப் பிடித்துக்கொண்டு, காணும் இடத்திலெல்லாம் அதையே பொருத்திப் பார்க்கிறோம். அதனால் தேர்வில் மதிப்பெண் போவதுண்டு. சில வேளைகளில் மதிப்பெண்ணைவிடப் பெரியதும் போய்விடுவதுண்டு.

இதனை விளக்குவதற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘மவுண்ட்’. சைதாப்பேட்டையில் வாழும் நமக்கு இது நாள்தோறும் காதில் விழும் சொல். மெட்ரோ ரயிலில் ‘லிட்டில் மவுண்ட்’ என்றும் ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’ என்றும் அறிவிப்பு வருகிறது. அண்ணா சாலையை இன்றும் ‘மவுண்ட் ரோடு’ என்றே சொல்லும் தாத்தா பாட்டிமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இவ்வளவு பழகிய சொல்லில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தி, காலமான தன் தந்தையின் புகைப்படத்தைச் சட்டம் போடுவதற்காக ஒரு கடைக்கு எடுத்துச் சென்றாள். கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “மவுண்ட் வேணுமாம்மா?” என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்த மவுண்ட் மலை ஒன்றுதான். வீடு எந்தப் பக்கம் என்று கேட்கிறார் போலும் என்று எண்ணி, “மவுண்ட் இல்லீங்கண்ணா, சைதாப்பேட்டைதான்” என்றாள். அங்கு நின்றிருந்தவர்களில் இரண்டொருவர் சிரித்துவிட்டனர். கடைக்காரரும் சிரித்தபடி, “சரி, மவுண்ட் வேண்டாம்” என்று சீட்டில் எழுதிக்கொண்டார். அவர் கேட்டது என்னவென்று திருப்பிக் கேட்க அவளுக்கு வெட்கம். பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கிற்று. கண்ணாடியை ஒட்டியே வைக்கப்பட்டிருந்த புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து எடுக்க முயன்றபோது தந்தையின் முகத்தில் ஒரு பக்கம் உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவர்களிடம் இருந்த பெரிய படம் அது ஒன்றுதான். அவள் எங்களிடம் வந்து, “மவுண்ட் என்றால் மலைதானே டீச்சர்? படத்துக்கு எதற்கு மலை?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு அன்று அவளுக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

மலை என்னும் பொருள்

மலை என்பதற்கு இலத்தீன் மொழியில் ‘மோன்ஸ்’ என்று பெயர். அதன் வழிவந்த மொழிகளில், போர்த்துக்கீசியர் ‘மோந்தே’ என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘மோன்’ என்றனர். ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ‘மவுண்ட்’ ஆயிற்று. ‘மவுண்டன்’ என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்விரண்டுக்கும் வழக்கில் வேறுபாடு உண்டு. ‘மவுண்ட்’ என்பது பெரும்பாலும் ஒரு மலையின் பெயரோடு சேர்ந்தே வரும். மவுண்ட் எவரெஸ்ட், மவுண்ட் கார்மேல், மவுண்ட் தாபோர் என்பன போல. பொதுவாக ‘ஒரு மலையைக் கண்டேன்’ என்று எழுத வேண்டுமானால் ‘மவுண்டன்’ அல்லது ‘ஹில்’ என்றே எழுத வேண்டும். ‘ஒரு மவுண்டைக் கண்டேன்’ என்று எழுதினால், இக்கால உரைநடையில் அது இயல்பாக இராது. கட்டுரைத் தாள்களில் நாம் அடிக்கடி காணும் பிழை இது.

மவுண்ட் என்ற பெயருக்கு உயரம் ஒரு கணக்கன்று. நம் பரங்கிமலை ஏறக்குறைய 300 அடி. எவரெஸ்ட் சிகரமோ 29,000 அடிக்கும் மேல். இரண்டும் மவுண்டே. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரும் சின்னமலை பரங்கிமலையினும் சிறிய குன்று. புனித தோமையார் இங்குள்ள குகையில் தங்கி செபித்தார் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. போர்த்துக்கீசியர் 1551-இல் இங்கே கோயில் எழுப்பினர். இன்று நாம் காணும் வட்ட வடிவக் கோயில் 1971-இல் கட்டப்பட்டது. பரங்கிமலையின் உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் கோயில் கட்டினர். பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை அங்கே 1547-இல் கண்டெடுக்கப்பட்டது. தோமையார் வேத சாட்சியாக உயிர் துறந்த இடம் அதுவே என்பது மரபு.

இவ்விரு பெயர்களின் தமிழ் வடிவத்தைக் கவனியுங்கள். ‘லிட்டில் மவுண்ட்’ சின்னமலை ஆயிற்று. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது. ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’ மக்கள் வழக்கில் தோமையார் மலை என்பதைவிடப் பரங்கிமலை என்றே நிலைத்துவிட்டது. போர்த்துக்கீசியரைப் பரங்கியர் என்று அழைத்த நம் முன்னோர், அவர்கள் குடியிருந்த மலையைப் பரங்கியர் மலை என்றனர். ஆகவே மொழிபெயர்ப்பு என்பது அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுத்து வைப்பதன்று. மக்கள் எப்படி வழங்குகிறார்கள் என்பதையும் அறிந்தாக வேண்டும்.

பரங்கிமலைக்கும் எவரெஸ்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வில்லியம் லாம்டன் என்பவர் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த பெரும் நில அளவைக்கு அதுவே தொடக்கம். அந்த அளவையே வடக்கே வடக்கே வளர்ந்து இமயத்தை எட்டியது. இமயத்தின் ஒரு சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது; 1865-இல் அதற்கு எவரெஸ்ட் என்று பெயர் சூட்டப்பட்டது. சிறிய மவுண்டில் நின்று தொடங்கிய வேலை பெரிய மவுண்டின் உயரத்தைச் சொல்லிற்று.

‘மவுண்ட் ரோடு’ என்பது இந்தப் பரங்கிமலைக்குச் செல்லும் சாலை என்றே பொருள்படும். கோட்டையருகே தொடங்கும் அச்சாலை நம் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிறது. இங்கே 1726-இல் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார். யாத்திரிகர் பரங்கிமலைக்கு எளிதாகச் செல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம். மலையேறுவதற்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. மாம்பலம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ‘மார்மலாங்’ என்று திரிய, அது மார்மலாங் பாலம் எனப்பட்டது. அது இருந்த இடத்தில் 1966-இல் கட்டப்பட்ட பாலத்துக்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர்.

இப்பெயரிலும் ஒரு மலை இருக்கிறதே! மறைமலை அடிகளின் இயற்பெயர் வேதாசலம். வேதம் என்பது மறை. அசலம் என்பது மலை. அசையாமல் நிற்பதால் வடமொழியார் மலையை ‘அசலம்’ என்றனர். தனித்தமிழ்ப் பற்றுக்கொண்ட அடிகள் தம் பெயரையே மொழிபெயர்த்து மறைமலை என்று வைத்துக்கொண்டார். நாள்தோறும் அப்பாலத்தைக் கடக்கும் நாம், ஒரு நல்ல மொழிபெயர்ப்பின் மேல் நடந்து செல்கிறோம்.

ஏறுதல் என்னும் பொருள்

மலை என்றால் அதன்மேல் ஏற வேண்டும். எனவே மலையைக் குறித்த சொல்லே ஏறுதலையும் குறிக்கலாயிற்று. இங்கே ‘மவுண்ட்’ பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல். படிகளில் ஏறுவதும் மேடை ஏறுவதும் குதிரை ஏறுவதும் மவுண்ட் செய்வதே. இறங்குவதற்கு ‘டிஸ்மவுண்ட்’ என்று பெயர்.

குதிரை மீது அமர்ந்து சுற்றிவரும் காவலரைச் சென்னையில் கண்டிருப்பீர்கள். அவர்கள் ‘மவுண்டெட் போலீஸ்’. அவர்களை ‘மலைப் போலீஸ்’ என்று மொழிபெயர்த்த விடைத்தாள் ஒன்று எங்கள் கைக்கு வந்ததுண்டு! அண்ணா சாலை தொடங்கும் இடத்தருகே, தீவுத்திடலில், சர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் அவர். பிரான்சிஸ் சான்ட்ரி என்னும் சிற்பி வடித்த அச்சிலை 1839-இல் நிறுவப்பட்டது. மன்றோ குதிரைமேல் அமர்ந்திருக்கிறார்; ஆனால் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. அங்கவடி இல்லாமல் அவர் எப்படி ‘மவுண்ட்’ செய்தார் என்பது இன்றுவரை சென்னைவாசிகள் கேட்கும் வேடிக்கைக் கேள்வி. மவுண்டுக்குச் செல்லும் சாலையின் தொடக்கத்திலேயே ‘மவுண்ட்’ செய்த ஒருவர் இருப்பதை நினைவில் வைத்தால், இவ்விரு பொருள்களும் மறக்கமாட்டா.

ஏறிச் செல்லும் விலங்குக்கும் ‘மவுண்ட்’ என்றே பெயர். குருத்து ஞாயிறன்று எருசலேமுக்குள் நுழைந்த ஆண்டவருக்குக் கழுதைக்குட்டியே மவுண்ட். இங்கே மலை என்று பொருள் கொண்டால் நற்செய்தி வரலாறே மாறிப்போகும்.

எண்ணிக்கையும் ஏறும். கடன் ஏறுகிறது, செலவு ஏறுகிறது, மனத்தில் அச்சம் ஏறுகிறது என்று நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலத்தில் ‘மவுண்ட்’ வரலாம். ‘மவுண்டிங் டெட்ஸ்’ என்றால் மலையில் வாங்கிய கடன் அன்று. மேன்மேலும் பெருகும் கடன். ஆயினும் ‘ஏறு’ என்று தமிழில் வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘மவுண்ட்’ வந்துவிடாது. பேருந்தில் ஏறுவதற்கும், வெயில் ஏறுவதற்கும், துணியில் சாயம் ஏறுவதற்கும் அங்கே வேறு வேறு சொற்கள் உண்டு.

பொருத்துதல் என்னும் பொருள்

ஒன்றை மற்றொன்றின்மேல் ஏற்றி நிலையாகப் பொருத்துவதும் ‘மவுண்ட்’ எனப்படும். மோதிரத்தில் கல் பதிப்பது மவுண்ட் செய்வது. ஆய்வுக்கூடத்தில் இலையின் மெல்லிய சீவலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கிக்கு ஆயத்தம் செய்வதும் அதுவே. வகுப்பில் தொங்கும் பழைய நிலப்படங்கள் துணியில் ஒட்டப்பட்டிருக்கின்றன அல்லவா? அவை துணியில் மவுண்ட் செய்தவை. சுவரில் தொலைக்காட்சிப் பெட்டியைப் பொருத்துவதும், முக்காலியில் புகைப்படக் கருவியைப் பொருத்துவதும், கோட்டை மதிலில் பீரங்கியை ஏற்றி வைப்பதும் இவ்வகையே.

ஒன்றை ஏற்பாடு செய்து நடத்துவதற்கும் இச்சொல் வரும். கண்காட்சி ஒன்றை ‘மவுண்ட்’ செய்தார்கள் என்றால், அதைத் திட்டமிட்டு அமைத்தார்கள் என்று பொருள். படையினர் தாக்குதலை ‘மவுண்ட்’ செய்தனர் என்றால், தாக்குதலைத் தொடுத்தனர் என்று பொருள்.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். படத்துக்கு எதற்கு மலை? சட்டம் போடும் கடைகளில் மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை. நடுவே சாளரம் போல வெட்டப்பட்ட அந்த அட்டை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும். அது அழகுக்காக மட்டும் வைப்பதன்று. கண்ணாடி படத்தைத் தொடாதபடி சிறிது இடைவெளி உண்டாக்கும். ஈரம் படிந்தாலும் படம் கண்ணாடியோடு எளிதில் ஒட்டாது. கடைக்காரர் கேட்டது அதைத்தான். அவர் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். அவளும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உறவுச் சொற்கள்

ஒரு சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் அதன் உறவினரையும் தெரிந்துகொள்ளலாம். தொகையைக் குறிக்கும் ‘அமவுண்ட்’ என்ற சொல் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘மலையை நோக்கி, மேலே’ என்ற பொருளில் பிறந்து, ஒவ்வொன்றாக மேலே ஏறிச் சேரும் கூட்டுத்தொகையைக் குறிக்கலாயிற்று. ‘சர்மவுண்ட்’ என்றால் தடையின்மேல் ஏறிக் கடத்தல். ‘பாரமவுண்ட்’ என்றால் எல்லாவற்றுக்கும் மேலானது. 1947 வரை சுதேச சமஸ்தானங்கள்மேல் ஆங்கில அரசுக்கு இருந்த மேலாதிக்கத்தை வரலாற்றுப் பாடத்தில் ‘பாரமவுண்ட்சி’ என்று படிக்கிறோம். ‘மவுண்டிபேங்க்’ என்றொரு வேடிக்கைச் சொல்லும் உண்டு. சந்தையில் பலகைமேல் ஏறி நின்று, எந்நோய்க்கும் மருந்து என்று கூவி விற்பவனை இத்தாலிய மொழியில் ‘பலகைமேல் ஏறு’ என்ற தொடரால் குறித்தனர். அதுவே ஆங்கிலத்தில் ஏமாற்றுக்காரனுக்குப் பெயராயிற்று.

நம் மொழியிலும்

இவ்வளவையும் கேட்டு, ஆங்கிலம் ஏன் இப்படிக் குழப்புகிறது என்று வருந்த வேண்டாம். நம் ‘மலை’ மட்டும் என்னவாம்? மலைத்தல் என்றால் திகைத்தல். பழந்தமிழில் போரிடுதல் என்றும் பொருள் உண்டு. பூவை மலைதல் என்றால் சூடுதல். ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருப்பது வெள்ளிடைமலை. விளக்கு அணைந்தது என்று சொல்ல மனமில்லாமல் நம் வீட்டுப் பாட்டிமார் ‘விளக்கு மலையேறிவிட்டது’ என்பர். ‘அந்தக் காலம் மலையேறிவிட்டது’ என்பதை ஓர் அயல்நாட்டார் அகராதியை வைத்துக்கொண்டு படித்தால், காலம் எந்த மலையில் ஏறிற்று, சின்னமலையிலா பரங்கிமலையிலா என்றுதான் கேட்பார். அவரைப் பார்த்து நாம் சிரிப்போமா? மாட்டோம்; பொறுமையாக விளக்குவோம். அந்தப் பொறுமையை நாம் நம் வகுப்புத் தோழியிடமும் காட்ட வேண்டும் அன்றோ?

பொருள் காணும் வழி

சொல்லின் பொருளை அதன் அண்டை வீட்டார் சொல்லிவிடுவர். அருகில் ஒரு மலையின் பெயர் இருந்தால், மவுண்ட் மலை. குதிரையோ படியோ மேடையோ இருந்தால், ஏறுதல். கடன், செலவு, அச்சம் இவற்றுள் ஒன்று இருந்தால், பெருகுதல். ஒரு பொருளும் அதைத் தாங்கும் மற்றொரு பொருளும் இருந்தால், பொருத்துதல். மலை, ஏறுதல், பெருகுதல், பொருத்துதல் ஆகிய நான்கிலும் அடிப்படைக் கருத்து ஒன்றே: மேலே உயர்வது அல்லது மேலே உயர்த்தி வைப்பது. அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாமல் கடைசிப் பொருள் வரை ஒரு முறை படித்துவிடுங்கள். அப்போதும் விளங்காவிட்டால் கேளுங்கள். “அப்படியென்றால் என்னங்க?” என்று கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை; தமிழே போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளைகள் ஒரு சொல்லைத் தவறாகப் பொருள் கொண்டால், “இத்தனை வருஷம் இங்கிலீஷ் படிச்சு இதுகூடத் தெரியலையா?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே பல பிள்ளைகள் பிறகு ஒன்றும் கேட்பதில்லை.

அம்மாணவி மறு ஆண்டு வகுப்புக் கரும்பலகையில் ‘மவுண்ட்’ என்று எழுதி, அதன் கீழே பதினொரு பொருள்களை வரிசைப்படுத்தினாள். இக்கட்டுரையின் முதல் வடிவம் அதுதான். தந்தையின் படத்தில் மிஞ்சிய பகுதியை அவர்கள் மீண்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இம்முறை வெள்ளை மவுண்ட் இரண்டு விரல் அகலம் வேண்டும் என்று அவளே கடைக்காரரிடம் சொன்னாளாம்.

மலைப்பொழிவை ஆங்கிலத்தில் ‘சர்மன் ஆன் தி மவுண்ட்’ என்கிறோம். புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மலைமேல் ஏறி அமர்ந்து போதிக்கிறார். புனித லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் அவர் மலையிலிருந்து இறங்கி, சமவெளியில் மக்களோடு நின்று போதிக்கிறார். ஏறியதும் அவரே, இறங்கியதும் அவரே. படிப்பில் சில படிகள் முன்னே ஏறிவிட்ட மாணவியரே, உங்கள் பக்கத்து இருக்கையில் ஒருத்தி ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நின்றால், சிரிக்காமல் இறங்கி வந்து சொல்லிக்கொடுங்கள். இவ்வாண்டு உங்களிடம் நாங்கள் வேண்டுவது இது ஒன்றே.